தெருமூடி மடமும் தெரு நெறியும்

பருத்தித்துறைப் பட்டினத்திலே, தும்பளைக்குச் செல்லும் வீதியிலே, தெருமூடி மடம் என வழங்கும் பழைய கட்டடம் ஒன்று உளது. மடங்கள் பொதுவாக வீதியின் ஓரத்திலே அமைவன. இம்மடமோ வீதியையே தன்னுள் அடக்கி நிற்பது. இரு மருங்கிலும் உயர்ந்த திண்ணைகள். அவற்றின்மீது பொழிந்த கற்றூண்கள். தூண்களுக்கு மேலே வீதியின் குறுக்காகச் செல்லும் கூரை. அக்கூரையின் கீழ், இரு திண்ணைகளுக்கும் நடுவே, வீதி ஓடுகின்றது. வண்டிகள் நடுவழியே செல்லும். கால்நடையாக வந்தவர் திண்ணையிலே இளைப்பாறுவர். செல்பவருக்கும் இருப்பவருக்கும் ஒரே நிழல். ஒருவரால் மற்றவருக்கு இடையூறு இல்லை.

இம்மடத்தைச் சமைத்தோர் வீதியைப் பற்றி ஒரு கருத்துக் கொண்டிருந்தனர் என்பது வெளிப்படை. வீதி என்பது விரைந்து செல்பவனுக்கு மட்டும் உரியதன்று; களைத்து நிற்பவனுக்கும் உரியது என்பதே அக்கருத்து. யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய வீதியோரங்களை நோக்கின், இக்கருத்துக்குச் சான்றுகள் வேறும் பல உள. தலைச்சுமையோடு வருபவர் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கவும் ஏற்றவும் உதவுவது சுமைதாங்கி. இரு கற்களை நிறுத்தி, அவற்றின்மேல் ஒரு கல்லைக் கிடத்தி, ஆள் உயரத்துக்கு ஏற்ப அது அமைக்கப்படும். கருவுற்றிருந்த காலத்தில் இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நாட்டுதல் தமிழர் வழக்கம். இறக்கி வைக்கப்படாத ஒரு சுமையை எண்ணி, வழிச்செல்வோர் எல்லாருடைய சுமையையும் இறக்குவதற்கு வழிசெய்த பண்பு அது. அதன் அருகே மாடுகள் உடலை உரைஞ்சித் தினவு தீர்க்கும் ஆவுரஞ்சிக் கல் நிற்கும். அவை நீர் அருந்தத் தண்ணீர்த் தொட்டியும், மக்களுக்குக் கேணியும் கிணறும் இருக்கும். மனிதருள் எளியவரையும், வாயில்லாச் சீவன்களையும் அளவுகோலாகக் கொண்டு அக்கால வீதி அமைந்தது.

அக்காலத்திலே வீதியிற் செல்வோர் யாவருக்கும் வேகம் ஏறக்குறைய ஒன்றே என்பதையும் மறத்தலாகாது. நடப்பவன் மணிக்கு 3 மைல் செல்வான். பாரம் ஏற்றிய மாட்டுவண்டியும் அவ்வளவே செல்லும். இரவு வேளையிலே வண்டியின் அடியில் ஒரு லாந்தர் தொங்கும். மாட்டின் கழுத்து மணி முன்கூட்டியே வரவை அறிவிக்கும். ஆகையால் வீதி ஒழுக்கம் பெரும்பாலும் வழக்கத்தினாலேயே நிலைத்தது. சட்டம் புகுந்தது பிற்காலத்திலேயாம்.

ஆங்கிலேயர் ஆட்சியிலே வீதி என்பது அரசாங்கத்தின் பெரும் பணிகளுள் ஒன்றாயிற்று. 1848ஆம் ஆண்டிலே, டொரிங்டன் பிரபு தேசாதிபதியாயிருந்த காலத்தில், வீதிக் கட்டளைச் சட்டம் பிறந்தது. 18 வயதுக்கும் 55 வயதுக்கும் இடைப்பட்ட ஆடவர் ஆண்டுக்கு 6 நாள் வீதி வேலை செய்தல் வேண்டும். செய்ய விரும்பாதவர் 3 ஷில்லிங் கொடுத்துத் தீர்த்தல் வேண்டும் என்பது அதன் விதி. மக்கள் அதனை ஒரு தலைவரியாகவே கருதி வெறுத்தனர். அவ்வாண்டு மாத்தளையிலும் குருநாகலிலும் எழுந்த கிளர்ச்சிக்கு, வேறு வரிகளோடு இச்சட்டமும் காரணமாயிற்று. பின்னர் 1861ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் மாகாண, மாவட்ட வீதிக் குழுக்களின் வழியே இம்முறையை ஒழுங்குபடுத்தியது.

கட்டாய உழைப்பு என்ற வகையில் அச்சட்டம் கொடியதே. செல்வனுக்கு 3 ஷில்லிங் ஒரு பொருளன்று. ஏழைக்கோ அது பல நாட் கூலி. எனினும் அதனுள்ளே ஓர் உண்மை புதைந்து கிடந்தது. வீதி யாவருக்கும் பொது; ஆகவே அதன் பாரமும் யாவருக்கும் உரியது என்பதே அது. பாரத்தைச் சமமாகப் பங்கிடுவது நீதியாகிவிடாது என்பதையும் அவ்வரலாறே காட்டுகின்றது. வலியவனும் எளியவனும் ஒரே அளவு சுமக்க வேண்டும் என்று விதித்தால், எளியவன் முதுகே முறியும். மோட்டார் வண்டியின் காலத்துக்கு இவ்வுண்மை மேலும் பொருந்துவதாகும்.

மோட்டார் வண்டிக்கு முன்னோடியான நீராவி வண்டிகள் ஆங்கில நாட்டு வீதிகளிலே ஓடத் தொடங்கியபோது, 1865ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அவற்றுக்குக் கடிவாளம் இட்டது. நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைல், நகரத்தில் 2 மைல் என்பதே வேக எல்லை. செங்கொடி ஏந்திய ஒருவன் வண்டிக்கு முன்னே நடந்து செல்லவும் வேண்டும். 1896ஆம் ஆண்டிலே அக்கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 17ஆம் திகதி, இலண்டன் மாநகரின் பளிங்கு மாளிகைத் திடலிலே, பிரிட்ஜெற் டிரிஸ்கல் என்னும் மாது மோட்டார் வண்டியில் மோதுண்டு இறந்தார். அந்நாட்டிலே மோட்டார் வண்டியால் உயிரிழந்த முதற் பாதசாரி அவர். மரண விசாரணை செய்த அதிகாரி, இத்தகையதொரு நிகழ்ச்சி இனியொருபோதும் நேராதிருக்கட்டும் என்று விரும்பினார் எனப் பதிவாகியுள்ளது. அவ்விருப்பம் நிறைவேறவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டிலே வெளியிட்ட அறிக்கையின்படி, 2021ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் வீதி விபத்துக்களால் இறந்தனர். அவர்களுட் பாதிக்கு மேற்பட்டோர் நடந்து சென்றவரும், துவிச்சக்கர வண்டியிலும் மோட்டார்ச் சைக்கிளிலும் சென்றவருமாவர்.

இலங்கைக்கு மோட்டார் வண்டி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே வந்தது. சில பத்தாண்டுகளுக்குள் யாழ்ப்பாண வீதிகளிலே தனியார் பஸ் வண்டிகளும், கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையே புகழ்பெற்ற தட்டிவான்களும் ஓடலாயின. சந்தைக்குச் செல்லும் வாழைக்குலையும், மரக்கறிக் கடகமும், அவற்றின் உரிமையாளரும் ஒருங்கே ஏறிச் சென்ற ஊர்தி தட்டிவான். பஸ் வண்டிகளிடையே பயணிகளைக் கவரும் போட்டி நாடெங்கும் மூண்டது. போட்டியின் விளைவு வேகம். வேகத்தின் விளைவு விபத்து. 1942ஆம் ஆண்டுப் பஸ் சேவை அனுமதிச் சட்டம், ஒரு வழிக்கு ஓர் உரிமையாளர் என்னும் முறையினால் அப்போட்டியை அடக்க முயன்றது. 1958ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி, நாட்டின் பஸ் சேவை முழுவதும் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் கையில் வந்தது. 1970களின் இறுதியிலே தனியார் பஸ் வண்டிகள் மீண்டும் அனுமதிக்கப்பட்டன. பழைய போட்டியும் உடன் திரும்பியது. சாரதி ஒருவன் விரைந்து ஓட்டுவதற்கு அவன் குணம் மாத்திரம் காரணமன்று. முன்னே செல்லும் வண்டி அடுத்த தரிப்பிடத்துப் பயணிகளை ஏற்றிக்கொண்டால், பின்னே வரும் வண்டிக்கு அன்றைய வருமானம் குறையும் என்னும் கணக்கும் அவன் காலை உந்துகின்றது. ஆகவே, பொறுப்பைப் பங்கிடும்போது சாரதியோடு உரிமையாளரையும், நேர அட்டவணை வகுப்போரையும் சேர்த்தே எண்ணுதல் முறை.

இக்காலத்துச் சட்டங்களுக்கு அடிப்படையாயிருப்பது 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம். அது பலமுறை திருத்தப்பட்டுள்ளது. வீதியின் இடப்புறமாகச் செல்லுதல், வலப்புறமாக முந்துதல், விபத்து நேர்ந்தால் வண்டியை நிறுத்திப் பொலிஸாருக்கு அறிவித்தல் முதலிய கடமைகள் அதன்பாற்பட்டவை. ஆயினும் யாழ்ப்பாணத்தின் தனிப்பண்பை அறிய விரும்புவோர் சட்டப் புத்தகத்தோடு நில்லாது, துவிச்சக்கர வண்டியையும் நோக்குதல் வேண்டும்.

குடாநாடு சமதரை. மலையுமில்லை, ஏற்ற இறக்கமுமில்லை. ஊர்கள் நெருங்கியவை, தோட்டம், பாடசாலை, கோயில், சந்தை யாவும் சில மைல்களுக்குள் அடங்குவன. இத்தகைய நிலத்துக்குச் சைக்கிளே ஏற்ற வாகனம். ஆசிரியரும் எழுதுவினைஞரும், தோட்டக்காரரும் மாணவரும் அதிலேயே சென்றனர். பனையோலை வேலியும், கிளுவையும் பூவரசும் ஓங்கிய ஒழுங்கைகள் முடக்குக்கு முடக்கு வளைந்து செல்வன. முடக்கின் அப்பால் வருபவரைக் காண இயலாது. ஆதலின் மணியடித்துக்கொண்டு திரும்புதல் வழக்கமாயிற்று. இரவிலே விளக்கில்லாது செல்வோரையும், ஒரு வண்டியில் இருவராகச் செல்வோரையும் பொலிஸார் மறித்து வழக்குத் தொடர்ந்தனர். விளக்கு வழிகாட்டுவதற்கு மட்டும் உரியதன்று. தன் வரவைப் பிறருக்கு அறிவிப்பதற்கும் உரியது. நிலவொளியில் வழி தெரிகின்றது என்று கூறி விளக்கைத் தவிர்ப்பவர் அதன் பாதிப் பயனையே அறிந்தவராவர்.

1990ஆம் ஆண்டுக்குப் பின் போர்ச் சூழலிலே சைக்கிளின் இடம் மேலும் உயர்ந்தது. குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை, எரிபொருளுக்குத் தடை, மின்கலங்களுக்கும் தடை. பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் சில துளி பெற்றோலிலே உயிர்பெற்று, மண்ணெண்ணெயிலே ஓடின. மற்றெல்லாம் சைக்கிளே. விறகும் நெல்லும், நோயாளியும் கருவுற்ற தாயும் அதிலேயே சென்றனர். வண்டியை நிறுத்திவைத்துச் சில்லைச் சுழற்றி, டைனமோவிலிருந்து பெற்ற மின்சாரத்தினால் வானொலிச் செய்தி கேட்டவர் பலர். மோட்டார் வண்டிகள் அருகியமையால், வீதி மீண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்துக்கு உரியதாயிற்று.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி, வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் தென்மராட்சியை நோக்கி இடம்பெயர்ந்தனர். யாழ்ப்பாணத்திலிருந்து சாவகச்சேரிக்கு ஏறத்தாழ 10 மைல். நாவற்குழிப் பாலத்தை அணுகும் வீதியிலே கார்களும், உழவு இயந்திரங்களும், மாட்டுவண்டிகளும், சைக்கிள்களும், கால்நடையாக வந்தோரும் நெருங்கி நின்றனர். முதியோரைச் சைக்கிளின் பின்னிருக்கையில் இருத்தித் தள்ளிக்கொண்டு நடந்தவர் எண்ணற்றோர். அவ்வீதியிலே விரைவு என்பதற்கே இடமில்லை. கூட்டத்தில் மிகத் தளர்ந்தவரின் அடியே எல்லா வண்டிகளுக்கும் அளவாயிற்று. துயரமே ஆசானாகி, வீதி யாருக்குரியது என்பதை ஓர் இரவுக்குள் அம்மக்களுக்குக் கற்பித்தது எனலாம்.

2009ஆம் ஆண்டிலே போர் முடிவுற்றது. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை 321 கிலோமீற்றர் நீளும் நெடுஞ்சாலை மீண்டும் மக்கள் பாவனைக்குத் திறக்கப்பட்டது. அந்நெடுஞ்சாலையும், பருத்தித்துறை, பலாலி, காங்கேசன்துறை வீதிகள் முதலியனவும் திருத்தியமைக்கப்பட்டன. குழியும் பள்ளமுமாகக் கிடந்தவை காபெற் வீதிகளாயின. இது பெரும் நன்மை. நோயாளர் விரைவில் மருத்துவமனை சேர்கின்றனர். தோட்டத்து விளைபொருள் வாடுமுன் சந்தை சேர்கின்றது. ஆயின் பள்ளமான வீதி தானே ஒரு வேகக் கட்டுப்பாடாயிருந்தது. அது நீங்கியபோது அதனிடத்தில் வேறொரு கட்டுப்பாடு வந்திருத்தல் வேண்டும். வீதி புதிதாயிற்று, வீதிப் பழக்கம் அத்துணை விரைவிற் புதிதாகவில்லை. தவணைக் கட்டணத்திலே வாங்கிய மோட்டார்ச் சைக்கிள்கள் பெருகின. அவற்றோடு பழைய சைக்கிளும், பாடசாலை மாணவியும், தடி ஊன்றி நடக்கும் முதியவரும் அதே வீதியிலேயே செல்கின்றனர்.

புகையிரதப் பாதையின் வரலாறு இதனை மேலும் தெளிவாக்கும். 1905ஆம் ஆண்டிலே கொழும்போடு இணைக்கப்பட்ட யாழ்ப்பாணப் புகையிரத சேவை, 1990ஆம் ஆண்டு யூன் மாதத்திலே நின்றுபோயிற்று. தண்டவாளமே இல்லாதொழிந்தது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 13ஆம் திகதி யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. இடையே 24 ஆண்டுகள். புகையிரதத்தைக் கண்டறியாத ஒரு தலைமுறை அக்காலத்திலே வளர்ந்தது. பாதை வெட்டவெளியாய்க் கிடந்த காலத்திலே தயக்கமின்றிக் கடந்த கால்கள், பாதுகாப்பற்ற கடவைகளிலே அதே பழக்கத்தோடு கடந்தன. அதனால் உயிரிழந்தோர் உளர். கடவைக்குக் காவலும் தடுப்பும் இடுதல் அதிகாரிகளின் கடமை. நின்று இருபுறமும் நோக்கிக் கடத்தல் செல்வோரின் கடமை. ஒன்று செய்யப்படவில்லை என்பதை மற்றதைக் கைவிடுவதற்கு நியாயமாகக் கொண்டால், இழப்பது உயிராகும்.

வேகத்தின் இயல்பைச் சிறிது கணக்கிட்டு அறிதல் நன்று. மணிக்கு 60 கிலோமீற்றர் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீற்றர் கடக்கும். ஒழுங்கை வாயிலில் ஒரு பிள்ளையைக் கண்டு, சாரதியின் கால் தடையை மிதிக்க ஒரு விநாடி செல்லுமாயின், அதற்குள்ளேயே வண்டி நான்கு கார்களின் நீளத்துக்கு அப்பாற் சென்றுவிடும். அதன் பின்னரே தடை தொழிற்படத் தொடங்கும். வேகம் இருமடங்கானால், தடை பிடித்தபின் வண்டி ஓடும் தூரம் நான்மடங்காகும். இஃது இயற்கையின் விதி. வேண்டுதலுக்கும் அவசரத்துக்கும் அது வளைந்து கொடாது. நடப்போரும் சைக்கிளோட்டுவோரும் மோட்டார் வண்டிகளோடு கலந்து செல்லும் இடங்களிலே மணிக்கு 30 கிலோமீற்றரே உச்ச வேகமாதல் வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு ஸ்ரொக்கோம் நகரிலே கூடிய உலக மாநாடு அறிவுறுத்தியமைக்குக் காரணமும் இதுவே.

பொறுப்பை எவ்வாறு பங்கிடுவது என்னும் வினாவுக்கு, யாழ்ப்பாணத்தோடு பழைய தொடர்புடைய ஒரு நாட்டின் அனுபவம் விடை தருகின்றது. 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணக் கோட்டையிலிருந்து ஆண்டவர் ஒல்லாந்தர். அவர்களுடைய தாய்நாடும் யாழ்ப்பாணத்தைப் போன்றே சமதரை, சைக்கிளுக்கு உகந்தது. இரண்டாம் உலகப் போரின் பின் அங்கே கார்கள் பெருகி, சைக்கிளை ஓரத்துக்குத் தள்ளின. 1971ஆம் ஆண்டில் 3000க்கு மேற்பட்டோர் வீதிகளிலே மாண்டனர். அவர்களுள் 400க்கு மேற்பட்டோர் சிறுவர். பெற்றோர் கிளர்ந்தெழுந்தனர். பிள்ளைகளைக் கொல்வதை நிறுத்துங்கள் என்பதே அவர்களுடைய இயக்கத்தின் பெயராயிற்று. அதன் பின்னர், சைக்கிளுக்குத் தனிப்பாதைகள் வகுக்கப்பட்டன. குடியிருப்புத் தெருக்களிலே மோட்டார் வண்டி மனிதர் நடக்கும் வேகத்திலேயே செல்லவேண்டும் என்னும் விதி 1976ஆம் ஆண்டிலே பிறந்தது. மோட்டார் வண்டி ஒன்று நடப்பவரையோ சைக்கிளோட்டியையோ மோதினால், நட்டஈட்டுப் பொறுப்பு முதலில் மோட்டார் வண்டியின் பக்கமே சாரும் என அந்நாட்டுச் சட்டம் கொள்கின்றது. மோதுண்டவர் 14 வயதுக்கு உட்பட்டவராயின் அப்பொறுப்பு ஏறக்குறைய முழுமையானது. அண்மை ஆண்டுகளிலே அந்நாட்டில் வீதியில் இறப்போர் தொகை ஆண்டுக்கு ஏறத்தாழ 700. மக்கள் தொகையும் வண்டிகளின் தொகையும் பெருகியிருந்தும் இறப்பு இவ்வளவு குறைந்தது.

அங்குள்ள சைக்கிளோட்டிக்கும் கடமை உண்டு. விளக்கில்லாது சென்றால் தண்டம் உண்டு. ஆனால் கேடு விளைக்கும் ஆற்றல் எவரிடம் மிகுதியோ, அவரிடமே பொறுப்பும் மிகுதியாக வைக்கப்பட்டது. பொறுப்பு யாவருக்கும் பொது; எனினும் அது யாவருக்கும் ஒரே அளவினதன்று. 1848ஆம் ஆண்டுச் சட்டம் காணத் தவறிய நீதி இதுவே. தெருமூடி மடத்தைச் சமைத்தோர் சட்டமின்றியே கண்ட நீதியும் இதுவே.

இவ்வளவையும் யாழ்ப்பாண வீதிக்குப் பொருத்தி நோக்கின், ஒவ்வொருவர் பங்கும் தெளிவாகும். பார வண்டியும் பஸ்ஸும் ஓட்டும் சாரதியின் பங்கு முதலாவது. சந்தியிலும், பாடசாலை வாயிலிலும், மஞ்சட் கடவையிலும் வேகம் தணித்தல் அவர் செய்யும் தயவன்று, கடன். மோட்டார்ச் சைக்கிளோட்டியின் பங்கு அடுத்தது. அவர் காருக்கு முன் எளியவர். நடப்பவருக்கு முன் வலியவர். தலைக்கவசம் தமக்காக, மிதவேகம் பிறர்க்காக. சைக்கிளோட்டி விளக்கும் மணியும் தடையும் பேணுதல் வேண்டும். மூவர் நால்வராய் வீதியை அடைத்துக்கொண்டு உரையாடிச் செல்லுதல் தகாது. ஒழுங்கையிலிருந்து பெருவீதிக்கு ஏறும்போது ஒரு காலை நிலத்தில் ஊன்றி இருபுறமும் பார்த்தல் நல்ல வழக்கம். நடைபாதை இல்லாத வீதியிலே நடப்பவர், எதிர்வரும் வண்டிகளைக் காணுமாறு வலப்புறமாக நடத்தல் நன்று. இரவிலே வெண்ணிற ஆடை அவருக்கு ஒரு விளக்காகும்.

வீதியில் செல்லாதவருக்கும் பங்கு உண்டு. வேலியை வீதிக்கு மேல் வளரவிட்டு முடக்கை மறைப்பவர், நெல்லை வீதியிலே பரப்பிக் காயவைப்பவர், இரவிலே மாட்டைக் கட்டாமல் விடுபவர், கடைப் பொருட்களை நடைபாதையில் அடுக்கி நடப்பவரை நடுவீதிக்குத் தள்ளுபவர் ஆகிய அனைவரும், தாம் காணாத ஒரு விபத்துக்குக் காரணராகக் கூடும். வீதி அமைப்போர் காபெற் விரிப்பதோடு பணி முடிந்தது என்று கருதாமல், ஓரமும் கடவையும் விளக்கும் சேர்ந்ததே வீதி எனக் கொள்ளல் வேண்டும்.

இலங்கை வீதிகளிலே ஆண்டுதோறும் 2000க்கு மேற்பட்டோர் உயிரிழக்கின்றனர். போரினின்றும் தப்பி வந்த குடும்பங்களிலிருந்து, சமாதான காலத்து வீதி ஒருவரைப் பறிப்பது பொறுக்கத்தக்கதன்று. அவ்வாறு இழந்த குடும்பங்கள் முன்னாளிற் போலச் சுமைதாங்கி நாட்டுவதில்லை. நினைவுக் கல்லுக்கு அவசியமே நேராதவாறு, கல் நாட்டிய அப்பண்பை வண்டியின் தடையிலும், கைவிளக்கிலும், ஒரு விநாடிப் பொறுமையிலும் வைத்துப் போற்றுதல் இக்காலத்தவர் கடனாகும்.